கெயார்டேக்கர் என்றால் யார்? மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியில் தட்டச்சு, போட்டோ கொப்பி, படிவம் நிரப்புதல் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். வேலை விண்ணப்பம் அடிக்க வருபவர்கள், வெளிநாட்டு உறவினரின் வீட்டுக்காகக் கடிதம் எழுத வருபவர்கள், உயர்தரம் (ஏ.எல்.) படிக்கும் பிள்ளைகள் என்று பலரும் ஒரே ஆங்கிலச் சொல்லைக் காட்டி "இது என்ன?" என்று கேட்கிறார்கள். கெயார்டேக்கர். கையில் இருக்கும் தாளைப் பொறுத்துப் பதில் மாறும். சில தாள்களில் சம்பளம் மாறும், சிலவற்றில் காணியே கை மாறிவிடும். ஆகவே பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். சட்டம் பற்றி இங்கே இருப்பது பொதுவான விளக்கம்தான். வழக்கு என்று வந்தால் சட்டத்தரணியிடம் போங்கள்.

முதலில், கெயார்டேக்கர் என்றால் யார்?

உரியவர் இல்லாத வேளையில் அவருக்காக ஒன்றைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவர். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைக் கேட்டதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவு வருவது கட்டடம்: வீடு, பள்ளிக்கூடம், விடுதி, தொடர்மாடி, மயானம். இரண்டாவது பொருள், ஒரு பதவியைக் கொஞ்சக் காலம் ஏந்தி வைத்திருப்பவர். காபந்து அரசாங்கம் என்று நம் பத்திரிகைகள் எழுதுவது இதைத்தான். மூன்றாவது, பிள்ளையையோ நோயாளியையோ பார்த்துக்கொள்பவர். இந்தப் பொருள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி வழங்குவதில்லை. குழப்பம் அதிகம் வருவதும் இங்கேதான்.

எந்தத் தாளில் இந்தச் சொல் வந்தாலும் நான் தேடுவது ஒன்றுதான்: எதைப் பார்க்க வேண்டும், அது யாருடையது, எதுவரைக்கும் இவரே முடிவெடுக்கலாம். இந்த விவரம் தாளில் இல்லை என்றால் கையெழுத்து வைக்க அவசரப்படாதீர்கள்.

வாச்சர், செக்கியூரிட்டி, கெயார்டேக்கர் எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றில்லை. சாவி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். வாச்சர் கேற்றுக்குக் காவல்; இரவில் வந்து விடியப் போவார், வீட்டின் உள் அறைச் சாவி அவரிடம் இருக்காது. செக்கியூரிட்டி பெரும்பாலும் ஒரு கம்பனியின் ஆள். சீருடை, வருவோர் போவோரை எழுதும் புத்தகம், மாற்றி மாற்றி வரும் ஷிஃப்ட். அவருக்குச் சம்பளம் கொடுப்பது வீட்டுக்காரர் இல்லை, கம்பனி.

கெயார்டேக்கரிடம் வீடே ஒப்படைக்கப்படுகிறது. வளவு கூட்டுவது, கிணற்று மோட்டரை வாரத்துக்கு இரண்டு தரம் ஓட விடுவது, தேங்காய் பறிக்க ஆள் பிடிப்பது, கறையான் ஏறுகிறதா என்று கதவு நிலைகளைத் தட்டிப் பார்ப்பது, ஒக்டோபரில் மாரி தொடங்குவதற்கு முன் பீலியில் அடைந்த சருகை அள்ளுவது, கரண்ட் பில் கட்டுவது. கடற்கரைப் பக்க வீடு என்றால் உப்புக் காற்றில் பூட்டெல்லாம் துருப்பிடிக்கும், அதற்கும் எண்ணெய் விட வேண்டும். காவல் இதில் ஒரு பகுதி மட்டும். ஆகவே, ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வாச்சரை வைத்துவிட்டு, திரும்பி வந்து கூரை ஒழுகுகிறது என்று அவரை ஏசுவதில் நியாயம் இல்லை. அது அவருக்குச் சொல்லப்பட்ட வேலையே இல்லை.

பாசிக்குடா, அறுகம்பை விளம்பரங்களில் 'கெயார்டேக்கர் கப்பிள்' என்று கேட்கிறார்களே?

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து தங்கி வேலை செய்யும் ஏற்பாடு. அவர் தோட்டம், திருத்த வேலை, காவல். அவர் மனைவி சமையல், அறை துப்புரவு. அறுகம்பையில் சீசன் ஏப்ரல், மே அளவில் தொடங்கி ஒக்டோபரோடு அடங்கிவிடும். அதற்குப் பிறகு பூட்டிக் கிடக்கும் விடுதியைப் பார்க்கவும் இப்படி ஆள் தேடுவார்கள்.

இந்த விளம்பரங்களில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கேட்பது இரண்டு பேரை, சம்பளம் எழுதுவது ஒன்று. 'தங்குமிடம் இலவசம்' என்ற வரி இரண்டாவது சம்பளத்தை விழுங்கிவிடுகிறது. போவதற்கு முன் சம்பளம் ஆளுக்கா, இருவருக்கும் சேர்த்தா, ஒஃப் சீசனில் குறைப்பார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

கெயார்டேக்கருக்கு ஆகக் குறைந்த சம்பளம், ஈ.பி.எஃப். எல்லாம் உண்டா?

விடுதி, மண்டபம், கம்பனிக் கட்டடம் என்றால் அது வேலைதான், அவர் ஊழியர்தான். தனியார் துறைக்கான தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. ஈ.பி.எஃப். என்னும் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஈ.டி.எஃப். என்னும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதம் முழுக்க முதலாளியின் பொறுப்பு, அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

ஒருவரின் சொந்த வீட்டில் வீட்டு வேலையாள் போல இருப்பவரின் நிலை வேறு. ஈ.பி.எஃப். வீட்டுப் பணிக்குப் பொருந்துவதில்லை. அதனால்தான் சில முதலாளிமார் விடுதியில் வேலை செய்பவரையும் 'வீட்டு ஆள்' என்று சொல்லப் பார்க்கிறார்கள். அறைக்கு வாடகை வாங்கும் இடம் வீடு ஆகாது. சந்தேகம் இருந்தால் தொழில் திணைக்களத்தில் கேட்கலாம், கேட்பதற்குக் காசு இல்லை.

வயல் பார்க்கும் முல்லைக்காரரை ஆங்கிலத்தில் கெயார்டேக்கர் என்று எழுதலாமா?

எழுத வேண்டாம். முல்லைக்காரர், வயல் சொந்தக்காரரான போடியாருக்காக வயல் வேலையை முன்னின்று நடத்துபவர். விதைப்பு முதல் சூடு அடிப்பு வரை அவர் தலையில்தான். ஆங்கிலத்தில் ஃபீல்ட் ஃபோர்மன் என்றால் ஓரளவு பொருந்தும். வட்டவிதானை ஒரு வட்டை (வயல்வெளி) முழுவதற்குமான நீர்ப்பங்கீட்டையும் வேலி, வாய்க்கால் ஒழுங்கையும் கவனிப்பவர். இரிகேஷன் ஹெட்மன் என்று எழுதுவார்கள். படுவான்கரையில் யானைக்குப் பரணில் காவல் இருப்பவர் வாச்சர்தான்.

குத்தகைக்கோ பங்குக்கோ தானே செய்கை பண்ணுபவரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2000-ஆம் ஆண்டின் 46-ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குத்தகைச் செய்கையாளருக்கு வயலில் தனியான பாதுகாப்புக் கொடுக்கிறது. அவரைத் தாளில் கெயார்டேக்கர் என்று எழுதிவிட்டால், நாளைக்கு 'இவர் கூலிக்குப் பார்த்தவர்தான்' என்று வாதாட வழி பிறக்கும். இந்தச் சொல்லைப் போடச் சொல்லிக் காணிக்காரர் ஒரு பக்கம் நின்றால், செய்கையாளர் மறுபக்கம் நின்று ஏன் என்று கேட்க வேண்டும்.

கோயில் வண்ணக்கர், பள்ளிவாசல் நம்பிக்கையாளர்?

இவர்கள் ட்ரஸ்டி. கொக்கட்டிச்சோலை, திருக்கோவில் போன்ற பழைய கோயில்களில் வண்ணக்கர் என்பது குடிவழியோடு வரும் நிர்வாகப் பொறுப்பு, கணக்கும் முடிவும் அவரிடம். காத்தான்குடி, சம்மாந்துறைப் பள்ளிவாசல்களின் நம்பிக்கையாளர் சபைகள் வக்பு சட்டத்தின் கீழ் வருபவை. கோயிலைக் கூட்டி, விளக்குத் துடைத்து, சாவி வைத்திருப்பவரைக் கெயார்டேக்கர் என்று எழுதலாம். வண்ணக்கரை அப்படி எழுதிக் கொண்டுபோய்க் காட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கெயார்டேக்கர், கெயார்கிவர் இரண்டும் ஒன்றா? ஒன்றில் 'டேக்', மற்றதில் 'கிவ்' என்று இருக்கிறதே?

'டேக் கெயார் ஒஃப்' என்றால் பார்த்துக்கொள்வது, 'கிவ் கெயார்' என்றாலும் பராமரிப்பதுதான். எடுப்பதும் கொடுப்பதும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரும் வேடிக்கை இது, ஆங்கிலேயர்களே இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் வழக்கில் இரண்டும் பிரிந்துவிட்டன. இன்றைக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆளைப் பராமரிப்பவர் கெயார்கிவர், இடத்தைப் பராமரிப்பவர் கெயார்டேக்கர். பிரிட்டனில் ஆளைப் பராமரிப்பவரைக் கெயாரர் என்பார்கள். சம்பளத்துக்குச் செய்தால் கெயார் வர்க்கர். அங்கே கெயார்டேக்கர் என்றதும் பள்ளிக்கூடத்தில் சாவிக் கொத்தோடு திரியும், ஹீட்டர் திருத்தும் மனிதர்தான் மனதில் வருவார். அதே ஆளை அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் கஸ்டோடியன் அல்லது ஜனிட்டர் என்பார்கள், நியூயோர்க் தொடர்மாடியில் 'சூப்பர்'.

அமெரிக்காவிலும் முழுவதுமாகப் பிரிந்துவிடவில்லை. பிள்ளையை அன்றாடம் வளர்ப்பவரைக் குடும்ப வழக்குகளிலும் உளவியல் நூல்களிலும் 'பிரைமரி கெயார்டேக்கர்' என்று எழுதுவதைக் காணலாம். மேற்கு வேர்ஜீனியா உயர் நீதிமன்றம் 1981-ல் பிள்ளைப் பொறுப்பைத் தீர்மானிக்க இந்தச் சொல்லையே அடிப்படையாக வைத்தது.

வெளிநாட்டு வேலைத் தாளில் இந்த வித்தியாசம் அவ்வளவு முக்கியமா?

ஆம். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

சர்வதேச தொழில் அமைப்பின் 2008 தொழில் வகைப்பாட்டில் கட்டடக் கெயார்டேக்கருக்கு 5153 என்ற இலக்கம், வீட்டில் ஆளைப் பராமரிப்பவருக்கு 5322. இரண்டு வேறு தொழில்கள், வேறு பயிற்சி, வேறு விசா. இஸ்ரேலுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஊடாகப் போகிறவர்களில் ஒரு பகுதியினர் கெயார்கிவர் வேலைக்குப் போகிறார்கள்: வயது போனவரைக் குளிப்பாட்டுவது, நடக்கப் பிடிப்பது, மருந்து நேரம் பார்ப்பது. ஜப்பானில் அந்த வேலைக்குக் கைகோ என்று பெயர், மொழிப் பரீட்சை உண்டு. அந்த வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் தன் அனுபவக் கடிதத்தில் 'கெயார்டேக்கராக நாலு வருடம்' என்று எழுதிக் கொண்டுபோனால், வாசிப்பவர் நாலு வருடம் கட்டடம் பார்த்தவர் என்றுதான் எடுப்பார். உண்மையில் அவர் ஆரையம்பதியில் ஒரு படுக்கை நோயாளியைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தவராக இருக்கலாம். தாளில் அது தெரியாது.

மறுபக்கம் ஏமாற்று. 'லண்டன் கெயார்டேக்கர் விசா' என்று காசு கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரிட்டன் 2022 பெப்ரவரியில் கெயார் வர்க்கர்களுக்கு விசா வழியைத் திறந்தது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக விண்ணப்பிப்பதற்கு அதை மூடியும்விட்டது. திறந்திருந்த காலத்திலும் அது ஆளைப் பராமரிக்கும் வேலைக்குத்தான், கட்டடம் பார்க்கும் வேலைக்கு இல்லை. கனடாவின் பழைய லிவ்-இன் கெயார்கிவர் திட்டம் 1992-ல் வந்து 2014-ல் முடிந்தது; அதன் பெயரைச் சொல்லி இன்றும் யாராவது காசு வாங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

ஆஸ்பத்திரியில் நோயாளியோடு நிற்பவரை என்னவென்று எழுதுவது?

நாம் பைஸ்டாண்டர் என்கிறோம். இலங்கையிலும் இந்தியாவிலும் புரியும். லண்டனில் பைஸ்டாண்டர் என்றால் வீதி விபத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர். அம்மாவோடு வார்ட்டில் நின்றதற்காக லீவு கேட்டு வெளிநாட்டுக் கம்பனிக்கு எழுதுகிறீர்கள் என்றால், நான் அம்மாவின் கெயாரர் அல்லது கெயார்கிவர் என்று எழுதுங்கள். கெயார்டேக்கரும் வேண்டாம், பைஸ்டாண்டரும் வேண்டாம்.

அண்டர்டேக்கர்?

பிரேதப் பெட்டிக் கடைக்காரர். மரணச் சடங்கு நடத்திக் கொடுப்பவர். 'ஐ ஆம் அண்டர்டேக்கர் ஒஃப் தி ஹவுஸ்' என்று எழுதிக்கொண்டு வந்த சுயவிவரங்களைத் திருத்தியிருக்கிறேன். பொறுப்பேற்பது 'அண்டர்டேக்' என்று அகராதியில் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆளைக் குறிக்கும்போது அந்தச் சொல் சுடுகாட்டுக்குப் போய்விடும்.

வெளிநாட்டில் இருக்கும் என் உறவினர் வீட்டைப் பார்க்க ஆள் வைத்தால், பத்து வருடம் கழித்து வீடு அவருக்கே சொந்தமாகிவிடுமா?

இந்தப் பயம் கிழக்கில் நிறையப் பேருக்கு உண்டு. 1990-ல் ஓடிப்போனவர்கள், 2004 டிசம்பரில் கடல் வந்த பிறகு எழும்பிப் போனவர்கள், கனடாவுக்கும் சுவிசுக்கும் போனவர்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போன குடும்பங்கள் எத்தனையோ. பெரும்பாலும் தொலைபேசியில் முடிந்த கதை:

"மாமி, நீங்க வந்து இருங்க. காசு ஒண்டும் வேணாம். பின்னேரத்தில விளக்குப் பத்தினாப் போதும்."

"சரி மகன், நீ யோசிக்காம இரு."

இதற்குச் சாட்சியும் இல்லை, தாளும் இல்லை. மாமி இருக்கும் வரை பிரச்சினை வராது. மாமியின் பிள்ளைகள் காலத்தில் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 1871-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, உரித்தாளரின் உரிமைக்கு மாறாக, இடையூறு இல்லாமல், தொடர்ந்து பத்து வருடம் ஒரு தனியார் காணியை ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். ஆட்சியுரிமை என்பது அதுதான், நீதிமன்ற வாசலில் 'பிரிஸ்கிரிப்ஷன்' என்பார்கள். இங்கே கவனிக்க வேண்டியது 'மாறாக' என்ற வார்த்தை. உங்கள் அனுமதியோடு, உங்களுக்காகப் பார்க்க வந்தவர் உங்களுக்கு மாறாக ஆளவில்லை. 1903-ல், அக்காலத்தில் நம் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்த நகுதா மரிக்கார் வழக்கில், முகவராகக் காணிக்குள் வந்தவர் அந்த முகவர் நிலையைக் கைவிட்டதைக் காட்டாமல் பத்து வருடக் கணக்குச் சொல்ல முடியாது என்று ஆனது. நம் நீதிமன்றங்கள் இன்றும் அதை எடுத்துச் சொல்கின்றன. ஆகவே கெயார்டேக்கராக வந்து எத்தனை வருடம் இருந்தாலும், இருந்தது என்பதற்காக மட்டும் வீடு அவருடையது ஆகாது.

ஆனால் அவர் கெயார்டேக்கராகத்தான் வந்தார் என்பதை யார் காட்டுவது? அங்கேதான் ஒரு பக்கக் கடிதம் விலை பெறுகிறது. கடிதம் இல்லாவிட்டால், அவர் வேலியை மாற்றிக் கட்டி, மரம் வெட்டி விற்று, வீட்டை வாடகைக்கு விட்டு, நீங்கள் கேட்டபோது "இது என்ட காணி" என்று சொல்லியும் நீங்கள் பேசாமல் இருந்தீர்கள் என்று வரிசையாக அடுக்குவார். அவருடைய பெயர் வாக்காளர் இடாப்பில் அந்த முகவரியில் இருப்பதோ, கரண்ட் பில் அவர் கட்டியதோ தனியாக உரிமை ஆகாது. இருந்தாலும் வழக்கில் எல்லாத் தாளும் மேசைக்கு வரும்.

யுத்தகாலத்துக்குத் தனியாக ஒரு சட்டமும் வந்தது. ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் 1983 மே 1-க்கும் 2009 மே 18-க்கும் இடையில் தன் காணிக்கு வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்காக 2016-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம். உங்கள் காணிக்கு அது பொருந்துமா என்பதை காணி உறுதியைக் காட்டிச் சட்டத்தரணியிடம்தான் கேட்க வேண்டும்.

அம்பாறைப் பக்கம் பெர்மிட் காணிகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அரச காணிகள், நிறைய. அரச காணிக்கு எதிராக இந்தப் பத்து வருடக் கணக்கு ஓடாது. அது ஆறுதல்தான், ஆனால் பெர்மிட்டின் நிபந்தனைகள் பெர்மிட்காரரைக் கட்டுப்படுத்தும். நீண்ட காலம் வேறு ஆளை வைப்பதற்கு முன் பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

நான் அடித்துக் கொடுக்கும் கடிதம் நீளமில்லை. முக்கியமான பந்தி இப்படி இருக்கும்:

"மேற்சொன்ன வீட்டினதும் வளவினதும் உரித்தாளர் அவரே என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். அவருடைய அனுமதியுடன், அவர் சார்பில், பராமரிப்பாளராக மட்டுமே இங்கு தங்கியிருக்கிறேன். வாடகைக்கோ குத்தகைக்கோ இருக்கவில்லை. எழுத்தில் அறிவித்தல் கிடைத்து ஒரு மாதத்துக்குள் வீட்டையும் சாவிகளையும் ஒப்படைப்பேன்."

உறுதி இலக்கம், காணியின் எல்லைகள், கொடுக்கும் சாவிகளின் எண்ணிக்கை, வீட்டில் இருக்கும் சாமான்களின் பட்டியல், மாதக் கொடுப்பனவு, எந்தத் தொகை வரை கேட்காமல் திருத்த வேலை செய்யலாம் என்பதெல்லாம் அதற்குக் கீழே வரும். தேங்காய் யாருக்கு என்றும் எழுதுங்கள், சிரிக்காதீர்கள். நான் பார்த்த சண்டைகளில் பாதி மாங்காயிலும் தேங்காயிலும் தொடங்கியவை. இரண்டு சாட்சிகள் கையெழுத்து வைக்க வேண்டும், முடிந்தால் நொத்தாரிசு முன்னால் வையுங்கள். கொஞ்சப் பணமானாலும் கொடுப்பனவை வங்கியில் போடுங்கள், விவரத்தில் 'வீட்டுப் பராமரிப்பு' என்று இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு தரம் அதே கடிதத்தைப் புதுப்பித்தால் இன்னும் நல்லது. சோலைவரியும் மின்சாரக் கணக்கும் உரித்தாளர் பெயரிலேயே இருக்க வேண்டும்.

இந்தக் கடிதம் உரித்தாளருக்கு மட்டும் காவல் இல்லை. கெயார்டேக்கருக்கும் அதில் ஒரு மாத அறிவித்தல் இருக்கிறது, சாமான் பட்டியல் இருக்கிறது. லண்டனில் இருந்து வந்து இறங்கிய அண்ணன் "இங்க இருந்த டிவி எங்க?" என்று கேட்டால் பட்டியலை எடுத்துக் காட்டலாம்.

இந்தக் கடிதத்தோடு அவர் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ முடியுமா?

முடியாது. அதற்கு அற்றோணித் தத்துவம், அதாவது உரித்தாளர் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம், வேண்டும். அது தனிப் பத்திரம், பதிய வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்து வைப்பதுதான் வழமை. வீடு பார்க்கும் ஒருவருக்கு எல்லா அதிகாரமும் உள்ள அற்றோணியைக் கொடுப்பது என் பார்வையில் தேவையில்லாத வேலை. பில் கட்டவும் பொலிசில் முறைப்பாடு போடவும் மட்டும் என்று அளந்து கொடுக்கலாம்.

வீட்டை விடமாட்டேன் என்று நின்றால் சாமானை வெளியே தூக்கிப் போடலாமா?

வேண்டாம். கைகலப்பாகும் நிலை வந்தால் பொலிஸ் அதை 1979-ஆம் ஆண்டின் 44-ஆம் இலக்கச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும். அங்கே முதலில் பார்ப்பது உறுதி யார் பெயரில் என்பதை இல்லை, அந்த நேரம் யார் இருந்தார், கடைசி இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பதைத்தான். சாமானைத் தூக்கிப் போட்டவருக்கு அதில் சங்கடம். உறுதிக்காரர் சிவில் வழக்கில் வெல்லலாம், ஆனால் அதுவரைக்கும் வெளியே நிற்க நேரும்.

டெங்கு பார்க்க வரும் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கெயார்டேக்கருக்கு வழக்குப் போட முடியுமா?

முடியும். 2007-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் உரித்தாளரை மட்டும் சொல்லவில்லை, குடியிருப்பவரையும் சொல்கிறது. பின் வளவில் கிடக்கும் சிரட்டை, பாவிக்காத கக்கூசுத் தாங்கி, மூடாத கிணறு. அவர் குடும்பம் இருக்கும் முன் அறை பளிச்சென்று இருக்கும், பூட்டிய பின் பகுதியில்தான் நுளம்புக் குடம்பி இருக்கும். பின் பகுதிச் சாவியையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

செய்தியில் வரும் கெயார்டேக்கர் அரசாங்கம்?

நம் பத்திரிகைகளில் காபந்து அரசாங்கம். பாராளுமன்றம் கலைந்த பிறகு புதியது வரும் வரை நாட்டை நடத்திக்கொண்டு இருப்பது. பெரிய கொள்கை முடிவோ நீண்டகால ஒப்பந்தமோ நியமனமோ செய்யாமல் அன்றாட வேலையை மட்டும் பார்ப்பது மரபு. 1945 மே மாதம் கூட்டணி கலைந்ததும் சர்ச்சில் ஜூலை வரை நடத்திய அரசைப் பிரிட்டனில் இந்தப் பெயரால்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். வங்காளதேசம் ஒரு படி மேலே போய், தேர்தல் நடத்தக் கட்சி சாராத காபந்து அரசு வர வேண்டும் என்று 1996-ல் அரசியலமைப்பிலேயே எழுதியது, 2011-ல் அதை நீக்கியது. 2024 ஓகஸ்டில் அங்கே முகமது யூனுஸ் தலைமையில் வந்ததை இன்டெரிம், அதாவது இடைக்கால அரசு என்றார்கள். காபந்து அரசு பழையதன் வால், இடைக்கால அரசு புதிதாக அமைவது. எல்லா நிருபரும் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

இலங்கையில் 2024 செப்டம்பர் 24-ஆம் திகதி இரவு பாராளுமன்றம் கலைக்கப்பட்டு நவம்பர் 14 தேர்தல் வரை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, பிரதமர் ஹரிணி அமரசூரிய, விஜித ஹேரத் என்ற மூன்று பேர் அமைச்சரவையே நாட்டை நடத்தியது. அதற்கு ஆங்கிலப் பத்திரிகைகள் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றி எழுதின.

ஃபுட்போல் கெயார்டேக்கர் மனேஜர்?

பயிற்சியாளரை நிறுத்திவிட்டு அடுத்தவரைத் தேடும் வரை அணியைப் பார்ப்பவர். சில நேரம் வந்தவரே நிலைத்துவிடுவார்: மன்செஸ்டர் யுனைட்டட்டில் சொல்ஷார் 2018 டிசம்பரில் தற்காலிகமாக வந்து 2019 மார்ச்சில் நிரந்தரமானார்.

ஏ.எல். பயோவில் 'கெயார்டேக்கர் ஜீன்' என்று ஒரு இடத்தில் வந்தது. அதுவும் இதே சொல்லா?

இதே சொல்தான். கலத்தின் டி.என்.ஏ.-யில் விழும் உடைவுகளைத் திருத்தி, மரபுத் தகவல் சிதையாமல் பார்க்கும் ஜீன்கள். பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 இரண்டும் அந்த வகை. அவை பழுதானால் உடனே புற்றுநோய் வராது, ஆனால் திருத்தப்படாத பிழைகள் சேர்ந்து ஒருநாள் வரலாம். கலம் பெருகுவதையே நேராகத் தடுத்து நிறுத்தும் ஜீன்களுக்குக் 'கேட்கீப்பர்' என்று பெயர். இந்தப் பிரிப்பை 1997-ல் கின்ஸ்லரும் வோகல்ஸ்டைனும் எழுதினார்கள். மேலே வாச்சருக்கும் கெயார்டேக்கருக்கும் சொன்ன வித்தியாசத்தையே இங்கும் பொருத்திப் பார்க்கலாம்.

மொழியியல் படிப்பவர்களுக்கு: 'கெயார்டேக்கர் ஸ்பீச்' என்பது குழந்தையோடு பெரியவர்கள் குரலின் சுருதியை உயர்த்தி, சொல்லை இழுத்து, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசும் பேச்சு.

என் சுயவிவரத்தில் எப்படி எழுதுவது?

ஒரே சொல்லாக, நடுவில் கோடு போடாமல். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே சொல். அதற்குப் பின்னால் எதன் கெயார்டேக்கர் என்பதை 'ஒஃப்' போட்டுச் சொல்லுங்கள், தனியே விடாதீர்கள். அடுத்த வரியில் செய்த வேலையை எழுதுங்கள்: எத்தனை அறை, எவ்வளவு வளவு, மோட்டர், மின்பிறப்பாக்கி ஓட்டத் தெரியுமா, விருந்தினருக்குச் சாவி கொடுத்து வாங்கிய அனுபவம் உண்டா, சிங்களம் பேசுவீர்களா. ஆளைப் பராமரித்திருந்தால் அதை வேறு பந்தியில், கெயார்கிவர் என்று, வயது, நோய், செய்த பணியோடு எழுதுங்கள். அடித்துத் தர ஒரு பக்கத்துக்கு மேல் தேவைப்படாது.